வெள்ளிக்கிழமை மடலில் அவசரப்பட்டு எழுதிய வரி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடைய தவறில் தொடங்கியது. மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிற்பகல் ஒன்று இருபதுக்கு, சந்தோஷம் தலைக்கேறி நான் எழுதிய ஒரு வரியை நூற்றெழுபது வீடுகளுக்கு அனுப்பிவிட்டேன்.

என் பெயர் கிளோறியா. மன்னாரில் பிறந்தேன், கொப்பன்ஹேகனுக்கு வெளியே இஷொயில் குடியிருக்கிறேன், நகரத்துக்குள் ஒரு யூதப் பாடசாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தொலைபேசி எடுப்பது, பிந்தி வரும் பிள்ளைகளின் பெயரைப் பதிவது, முழங்காலை உரசிக்கொண்டு வந்தால் பிளாஸ்டர் ஒட்டுவது எல்லாம் என் பாடு. ஒவ்வொரு வெள்ளியும் பெற்றோருக்குப் போகும் செய்தி மடலை எழுதுவதும் நான்தான். யார் சதுரங்கத்தில் வென்றது, எந்த வகுப்பு நாடகம் போட்டது, யாருடைய ஓவியம் நூலகச் சுவரில் தொங்குகிறது. பதினொரு வருடமாக எழுதுகிறேன். என் தமிழ்க் கதைகள் அத்தனைக்கும் சேர்த்து இருக்கும் வாசகர்களைவிட அந்த மடலுக்கு வாசகர்கள் அதிகம்.

(கத்தோலிக்கத் தமிழச்சிக்கு அங்கே என்ன வேலை என்று பூசை முடிந்து வரும்போது ஆட்கள் கேட்பதுண்டு. விளம்பரம் பார்த்தேன், விண்ணப்பித்தேன், எடுத்தார்கள். அதற்குமேல் அதில் கதை இல்லை.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "பாடசாலை வாசலில் துவக்கோடு நிற்கும் பொலிஸ்காரர் அன்று காலை—"

நிறுத்திவிட்டேன். துவக்கைக் காட்டிவிட்டால் நீங்கள் கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் பிள்ளைகள் அவரைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். போன வருடம் இரண்டாம் வகுப்பு அவருக்குப் பிறந்தநாள் அட்டை செய்து கொடுத்தது.

இரண்டாவது: "ஒரு யூதப் பிள்ளை தொலைந்துபோனால்—"

இதுவும் சரிவரவில்லை. பிள்ளை தொலைந்தால் பிள்ளை தொலைந்ததுதான். முன்னுக்கு ஒரு சொல் எதற்கு? ஆனால் அன்று நான் பயந்தது அந்த முன்னுக்கு நிற்கும் சொல்லுக்கும் சேர்த்துத்தான். அதை மறைத்தால் நான் பொய்க்காரி.

மூன்றாவது, நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லிக்கொண்டு போவது. அதற்கே வந்துவிட்டேன்.

3

பாடசாலைகளுக்கிடையிலான கணிதப் போட்டியின் இறுதிச் சுற்று, ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் தள்ளியிருக்கும் வைலே நகரத்தில் நடந்தது. எங்கள் எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு பேர், கணித ஆசிரியர் ஹென்ரிக்கோடு விடிய ரயிலேறிப் போயிருந்தார்கள். எங்களுடையது சின்னப் பாடசாலை. இறுதிச் சுற்றுக்குப் போனதே முதல் தடவை.

ஒரு மணி போல ஹென்ரிக் படம் அனுப்பினார். நான்கு கழுத்திலும் பதக்கம். இரண்டாமிடம்! கடைசிக் கேள்விக்கு ராகெல் சொன்ன விடைதான் காப்பாற்றியதாம்.

(ராகெல் அவளுடைய பெயரல்ல. எங்கள் வேதாகமத்திலிருந்து எடுத்து வைத்தேன். அவர்களுடையதிலும் அதே பெயர்தான் இருக்கிறது.)

நான் அலுவலகத்தில் தனியாக நின்று கைதட்டினேன். பிறகு உட்கார்ந்து, மடலின் தலைப்பில் படத்தைப் போட்டு எழுதினேன்: "எங்கள் பிள்ளைகள் நாட்டிலேயே இரண்டாமிடம்! கடைசி நிமிடத்தில் ராகெலின் விடை வெற்றியைப் பெற்றுத் தந்தது. வெற்றியாளர்கள் இப்போது வைலே ரயில் நிலையத்தில் நிற்கிறார்கள், இரண்டு மணி ரயிலில் வீடு திரும்புகிறார்கள்."

எங்கள் பாடசாலையில் ஒரு விதி உண்டு. பிள்ளைகள் வெளியே போனால், அவர்கள் வீடு திரும்பும்வரை எங்கே நிற்கிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று எழுதக்கூடாது. காரணம் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

அனுப்பு என்பதை அழுத்தினேன்.

4

இரண்டு பத்துக்கு ஹென்ரிக்கின் அழைப்பு. பின்னால் ரயில் ஓடும் சத்தம்.

"கிளோறியா, ராகெல் வண்டியில் இல்லை."

"என்ன சொல்கிறாய்?"

"ஏறினவள். நான் பெட்டிகளை மேலே வைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்லிவிட்டு எழும்பிப் போனாளாம். கழிவறைக்குப் போகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். அவளுடைய பை இங்கே. கைத்தொலைபேசியும் பைக்குள்ளே."

அடுத்த நிறுத்தத்தில் மூன்று பிள்ளைகளோடும் இறங்கித் திரும்பி வருவதாகச் சொன்னார். எப்படிப் பார்த்தாலும் முக்கால் மணி நேரம்.

(ஒரு இடைச்செருகல். டேனிஷில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். அதிபரையும் பிள்ளைகள் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த உரையாடல்களைத் தமிழாக்கும்போது எல்லா இடமும் 'நீங்கள்' போட்டுப் பார்த்தேன். அப்போது அவர்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். எனவே 'நீ' நிற்கிறது. மரியாதைக் குறைவென்று எடுக்கவேண்டாம்.)

அதிபர் சுசானவின் அறைக்கு ஓடினேன். சொன்னேன். அவர் பொலிசுக்கு எண்களை அழுத்தத் தொடங்கும்போதே மற்றதையும் சொல்லிவிட்டேன்.

"சுசான, நான் மடலில் எழுதிவிட்டேன். வைலே நிலையம் என்று. இரண்டு மணி என்று. படத்தோடு. ஒரு தாய் அதை முகநூலிலும் போட்டிருக்கிறா, இப்போதுதான் பார்த்தேன்."

சுசானவின் விரல் ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார். "முதலில் பிள்ளை," என்றார். பிறகு மற்ற எண்களையும் அழுத்தினார்.

மன்னாரில் நாங்கள் வரும் பஸ் பிந்தினால் அம்மா வாசலுக்கு வரமாட்டா. குசினிக்குள்ளேயே நின்று, கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவுவா. முப்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கு அந்தக் கோப்பை விளங்கியது.

5

என் அக்கா புஷ்பராணி வைலேயில் இருக்கிறா. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.

"அக்கா, எங்க நிக்கிறாய்?"

"வேலையிலதான். ஏன்ரி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"உடன ஸ்ரேசனுக்கு ஓடு. எங்கட பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு ரயிலால இறங்கிக் காணேல்ல. ராகெல் எண்டு பேர். பதினாலு வயசு. சுருட்டை முடி, பச்சை ஜக்கற், கழுத்தில பதக்கம்."

"ஐயோ, மாதாவே. வாறன், போறன், வையாத ஃபோனை."

வேலைச் சட்டையோடு அவ ஓடுவது எனக்குக் கேட்டது. மூச்சு, வீதி, மணிக்கூண்டு, மூச்சு.

"கிளோறியா, பிளற்ஃபோமில ஒருத்தரும் இல்லையடி. ரெண்டு கிழவனும் ஒரு நாயும்தான்."

"மற்றப் பக்கம் பார்."

"பாத்திட்டன். கடைக்குள்ளயும் பாத்திட்டன். இல்லை."

இந்த இடத்தில், வாசிப்பவரே, நான் எழுத்தாளராக ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்ளவேண்டும். இதை முதல்முறை எழுதியபோது என் பேனை தானாகவே ஊரில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் மாதிரி ஒரு வெள்ளை வானை நிலையத்துக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தியது. "வானின் கண்ணாடிகள் கறுப்பாக இரு—" அந்த வாக்கியத்தை அப்படியே பாதியில் விட்டிருக்கிறேன், பாருங்கள். கதை என்றால் கெடுதி நடக்கவேண்டும் என்று எனக்கு யார் பழக்கினார்கள்? அந்தப் பதினெட்டு நிமிடமும் நான் கேட்டதெல்லாம், ஒன்றும் நடந்திருக்கக்கூடாது, இதில் ஒரு கதையும் இருக்கக்கூடாது என்பதுதான். அந்தப் பிரார்த்தனை கேட்கப்பட்ட பிறகு, மேசையில் உட்கார்ந்து கதைக்காக ஒரு வானைக் கூப்பிட்டால் நான் என்ன மனுஷி?

வான் இல்லை. ஒருபோதும் இருக்கவில்லை.

6

"கிளோறியா! பச்சை ஜக்கற். வருது. வருது. தனியத்தான் வருது."

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். கதிரை பக்கத்தில்தான் இருந்தது. சுசான பொலிசோடு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததை அக்கா எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறா. மூன்றாவது தடவை சொன்ன மாதிரியே தருகிறேன், அதுதான் நன்றாக இருந்தது.

அக்கா கிட்டப் போய், "நீதானே ராகெல்? நான் கிளோறியாவின் அக்கா," என்று டேனிஷில் சொன்னாவாம். பிள்ளை இரண்டடி பின்னால் போனாள்.

"எனக்கு உன்னைத் தெரியாது."

"உங்கள் அலுவலகத்துக் கிளோறியா. என் தங்கை."

"எந்த அலுவலகம்?"

"உன் பாடசாலை."

"எந்தப் பாடசாலை?"

"பாரன்," என்று அக்கா என்னிடம் பிறகு சொன்னா, "நான் பொய் சொல்லுறன் எண்டு அது என்னைக் குறுக்கு விசாரணை செய்யுது. எனக்குக் கோவமும் வருது, கட்டிப்பிடிச்சுக் கொஞ்சவேணும் போலயும் கிடக்கு."

அக்கா கைத்தொலைபேசியை வீடியோ அழைப்புக்கு மாற்றி நிலத்தில் வைத்துவிட்டு, பின்னால் நடந்து தள்ளி நின்றா. ராகெல் குனிந்து எடுத்தாள். திரையில் என் முகம்.

"கிளோறியா, நீ அழுகிறாய்," என்றாள்.

"இல்லை."

"அழுகிறாய். நான் ரயிலைத் தவறவிட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்."

அப்படியும் அவள் அக்காவோடு முதியோர் இல்லத்துக்குப் போகவில்லை. ஹென்ரிக் வரும்வரை ரயில் மேடையிலேயே இருப்பேன் என்றாள். இரண்டு பேரும் ஒரு வாங்கின் இரண்டு நுனியில் உட்கார்ந்தார்கள்.

7

ஏன் இறங்கினாள்? இங்கேதான் கதை என்னைப் பார்த்துத் திரும்புகிறது.

ரயில் வெளிக்கிடுமுன் தோழியின் கைத்தொலைபேசியில் என் மடலை வாசித்திருக்கிறாள். "ராகெலின் விடை வெற்றியைப் பெற்றுத் தந்தது." வாசித்ததும் அந்த விடை அவளுடைய மனதில் திரும்ப ஓடியது. வெவ்வேறு நிறத்தில் ஐந்து மணிகளை ஒரு வளையத்தில் எத்தனை விதமாகக் கோக்கலாம்? அவள் சொன்ன விடை இருபத்து நான்கு. நடுவர்கள் சரி போட்டார்கள்.

வாங்கின் அந்த நுனியிலிருந்து அவள் அக்காவின் கையைக் காட்டினாளாம். அக்காவின் கையில், இல்லத்தில் இருப்பவர்கள் கோத்துக் கொடுத்த மணிக் காப்பு.

"அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் வேறு காப்பா?"

"இல்லை. அதே காப்புத்தான்."

"அப்படியென்றால் பன்னிரண்டுதான். நான் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணிவிட்டேன்."

அந்தக் கேள்விக்கு ஐந்து புள்ளி. மூன்றாமிடத்துப் பாடசாலை பின்தங்கியது இரண்டே புள்ளியால். அதைச் சொல்லத்தான் போட்டி நடந்த மண்டபத்துக்குத் திரும்ப ஓடியிருக்கிறாள். மண்டபம் பூட்டியிருந்தது. திரும்பி நடந்து வந்தாள்.

"ஹென்ரிக்கிடம் சொல்லியிருக்கலாமே?" என்று அக்கா கேட்டிருக்கிறா.

"திங்கட்கிழமை பார்ப்போம் என்று சொல்லியிருப்பார். ஆனால் கிளோறியா ஏற்கெனவே எழுதிவிட்டாளே. எல்லாரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்."

ஆக, என் வரிதான் அவளை ரயிலிலிருந்து இறக்கியது. நான் பயந்த வழியில் அல்ல. யாரோ ஒருவன் வாசித்துவிடுவானோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, வாசித்தவள் அவளே.

8

ஹென்ரிக் வந்தார். ராகெலைக் கண்டதும் அவளுடைய பையை அவளிடம் நீட்டினாராம். மூன்று மணிக்குப் பிந்திய ரயிலில் எல்லாரும் ஏறினார்கள். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் வீட்டில் நிற்கவேண்டிய குடும்பம் ராகெலுடையது. வெளிச்சம் இருக்கும்போதே தகப்பன் அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய்விட்டார். அவர் எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே சொல்: "வீட்டில்." அதை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணவில்லை.

திங்கட்கிழமை காலை சுசான என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்துப் போனேன்.

"இனிமேல் மடலை அனுப்புமுன் நானும் ஒரு தடவை வாசிக்கிறேன். உன் டேனிஷில் கடைசி எழுத்துகள் எப்போதும் பிழை. அதையும் திருத்தலாம்."

அவ்வளவுதான். நான் வாசலுக்கு வெளியே போய் நின்று காற்றை உள்ளே இழுத்தேன். பொலிஸ்காரர், "நல்ல வெயில்," என்றார். வெயிலே இல்லை. "ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு ராகெல் வந்தாள். போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றாள். அவளே எழுதினாள், நான் அலுவலக முகவரியிலிருந்து அனுப்பினேன். அணியில் ஒரு பெடியன் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், வளையத்தைத் திருப்ப முடியாதென்று கேள்வியில் எங்காவது எழுதியிருந்ததா என்று கேட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

9

இன்று வியாழன். நாளை மடல்.

இதை நான் அலுவலகத்தில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் கணினித் திரையில் இன்று காலை வந்த ஒரு பதில் திறக்காமல் கிடக்கிறது. போட்டிக் குழுவிடமிருந்து. தலைப்பில் அவளுடைய பெயர்.

மூன்று முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். இரண்டாமிடம் நிலைக்கிறது. மூன்றாமிடத்துக்கு இறங்குகிறார்கள். பதக்கம் போகிறது, ஆனால் நேர்மைக்கு ஒரு பாராட்டு வருகிறது. (மூன்றாவதை எழுதும்போதே எனக்குக் கூசியது.) மூன்றையும் கிழித்துவிட்டேன். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு வேண்டிய முடிவு போன வெள்ளியே கிடைத்துவிட்டது. மிச்சம் அவளுடையது.

உங்களுக்குப் பொறுக்கமுடியவில்லை என்றால் ஐந்து மணியையும் ஒரு நூலையும் எடுத்து நீங்களே கோத்துப் பாருங்கள். பதிலில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கவேண்டாம். எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் அவளுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

பதினொன்று பத்துக்கு அவளுக்கு இடைவேளை. நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது.

"வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது."

"நீ வாசித்தாயா?"

"இல்லை."

நான் எழுந்து என் கதிரையை அவளுக்குக் கொடுக்கிறேன்.