சக்கரம் தரையில் இருந்ததா

டாக்டர் நோர்லிடாவின் வண்டி ஈப்போவை ஒட்டிய மெங்லெம்பு பட்டறைக்கு வந்தது சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால். இரண்டே பேர் உட்காரும் துணிக்கூரைக் கார், தொண்ணூற்று மூன்றில் ஜப்பானில் செய்தது, கரும்பச்சை. டாக்டருக்கு ஐம்பது வயது. ஈப்போ டவுனில் பல் கிளினிக் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிம்பாங் பூலாயிலிருந்து மலைச்சாலையில் ஏறி, கம்போங் ராஜாவில் தேநீர் குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார். கூடவே அதே ரக வண்டிகள் பத்துப் பன்னிரண்டு ஏறும்.

"பிரேக்குல கால வச்சா வண்டி தன்னிஷ்டத்துக்கு எடதுபக்கம் போகுது பாஸ். நான் ஒண்ணு நெனச்சுத் திருப்புறேன், அது ஒண்ணு நெனக்குது. பள்ளத்துல எறங்கினா டொக்குனு ஒரு சத்தம் வேற."

பட்டறைக்காரன் ஃபூங் வாய் கிட்டுக்கு அதைக் கேட்டதுமே பாதி தெரிந்துவிட்டது. வண்டியை லிஃப்டில் தூக்கி, முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினான். ஆர்மும் வண்டியின் அடிச்சட்டமும் சேரும் இடத்தில் இருந்த ரப்பர் புஷ் வாய் பிளந்து, கறுப்புத் தூளாக அவன் முன்கையில் கொட்டியது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நான்கும் போயிருந்தன.

"இது பழசுகூட இல்ல டாக்டர், கெழடு. வண்டியோட பொறந்தது."

"என்னையும் சேத்துத்தான் சொல்றீங்களா?"

"உங்களச் சொல்லுவேனா? என் கடவாப்பல்லு உங்க கையில இருக்கு."

புஷ்களை அவன் வழக்கம்போல் பாசிர் பிஞ்சியில் தோங் மெய் யோக்கின் கடையில் வாங்கினான். பதினாறு வருடப் பழக்கம். அவளைவிடப் பத்து வயது இளையவன் என்பதால் 'யோக் சே' என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான். அவளுக்கு அவன் 'ஆ கிட்'. போலிச் சாமான் விற்கும் கடைகள் நடுவில் அவள் கடை ஒன்றுதான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பெயர் எடுத்தது. பெட்டியைப் பிரித்து, ரப்பரை நகத்தால் கீறி, மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். சாமானை மோந்து பார்ப்பவள் என்று சந்தையில் அவளைக் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

வேலை முடிகிற நாள் புத்தாண்டுக்கு முந்தின நாளாக வந்து சேர்ந்தது. பழைய புஷ்கள் ஆர்மை விட்டு வருவேனா என்றன. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி வெளியே எடுக்கவே மத்தியானம் தாண்டிவிட்டது. புதியவற்றைப் பதித்து, ஆர்ம்களைத் திரும்ப மாட்டும்போது மணி ஐந்தரை.

மிச்சம் இருந்தது போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது மட்டும். இந்தப் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். அதனால் வண்டியின் கனம் முழுக்கச் சக்கரத்தில் இறங்கி நிற்கும்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுகிக்கொண்டு நிற்கும். நிறுத்தி வைத்திருந்தாலும் முறுக்கு விடாது. சில மாதத்தில் கிழியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே வாய் கிட்டுக்குத் தெரிந்த விஷயம் இது. அதைச் சரியாகச் செய்ய, சாய்வுப் பலகைகளைப் போட்டு, வண்டியை அதன்மேல் இறக்கி, அடியில் படுத்து வேலை பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

மூன்றாவது முறையாக அவன் மனைவி சூக் ஹான் போன் செய்தாள்.

"பினாங்குலேர்ந்து உங்கண்ணன் வந்தாச்சு, உங்கம்மா உக்காந்தாச்சு, மீனு ஆறிப்போச்சு. வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி சேர்ந்து சாப்புடறோம். நீங்க வரீங்களா, இல்ல உங்க தட்டுல ஒரு ஸ்பேனர வச்சிரட்டுமா?"

வாய் கிட் வண்டி தொங்கியபடியே நான்கு போல்ட்டுகளையும் இறுக்கினான். பண்டிகை கழிந்ததும் சக்கர அலைன்மெண்டுக்கு டாக்டர் இங்கேதான் வருவார், அப்போது தளர்த்திச் சரியாக இறுக்கிக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். டாக்டர் ஆறு மணிக்கு வந்து வண்டியை எடுத்துப்போனார். அலைன்மெண்டைத் தன் கிளினிக்குக்குப் பக்கத்து டயர் கடையில் செய்துகொண்டார். வண்டி நூல் பிடித்த மாதிரி போகிறது என்று செய்தி அனுப்பினார். வாய் கிட் அதற்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான். ஒரு மாதத்தில் அந்த நான்கு போல்ட்டுகளை அறவே மறந்துபோனான்.

ஜூன் மாதம் வண்டி திரும்ப வந்தது. அதே டொக், அதே இழுப்பு. லிஃப்டில் தூக்கி விளக்கைப் பிடித்துப் பார்த்ததும் அந்த நான்கு போல்ட்டுகள் நினைவுக்கு வந்தன. நான்கில் மூன்று புஷ்களில் ரப்பர் பிறை வடிவத்தில் கிழிந்திருந்தது. டாக்டரும் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அஞ்சு மாசம்கூட ஆவல. பழசு முப்பது வருஷம் வந்துச்சு. இது போலிச் சரக்குதானே?"

வாய் கிட் விளக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "கடையில கேட்டுப் பாக்குறேன் டாக்டர்," என்றான்.

பொய் என்று சொல்லிவிட முடியாது. உண்மையும் இல்லை.

அன்று மாலையே டாக்டர் மலைச்சாலைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கிழிந்த புஷ்ஷின் படத்தைப் போட்டு, சாமான் பில்லில் இருந்த கடை பெயரையும் எழுதி, எல்லாரும் பார்த்து வாங்குங்கள் என்று எச்சரித்தார். வாய் கிட்டும் அந்தக் குழுவில் இருந்தான். கீழே ஒவ்வொருவராக எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழவியும் கெட்டுவிட்டாளா என்றான் ஒருவன். மோந்து பார்த்தும் ஏமாந்துவிட்டாள் என்றான் இன்னொருவன். வாய் கிட் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் காலை யோக் பட்டறைக்கே வந்துவிட்டாள். அவள் கடையை விட்டு வெளியே வந்து அவன் பார்த்ததில்லை. கழற்றிப் போட்ட புஷ்ஷைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழிசலுக்குள் கட்டைவிரலை விட்டு நெருடினாள்.

"ரப்பர் செத்திருந்தா பொரைபொரையா வெடிக்கும். இது முறுக்கிக் கிழிஞ்சிருக்கு," என்றாள். பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள். "ஆ கிட், போல்ட்ட இறுக்கறப்போ சக்கரம் தரையில இருந்துச்சா?"

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழி கேட்பவளைப்போல் கேட்டாள்.

"இருந்துச்சு யோக் சே."

"சத்தியமா?"

"எத்தன வருஷமா இந்த வேல பாக்குறேன்?"

அவள் தலையாட்டினாள். "ஆமா. உங்கிட்டப் போயி கேட்டேன் பாரு." கைப்பையிலிருந்து புதிய புஷ்கள் நான்கை எடுத்து மேசையில் வைத்தாள். "காசு வேண்டாம். அந்த டாக்டருக்குப் போட்டுக் குடு. தப்பு எங்கன்னு நான் கண்டுபுடிக்கிறேன்."

இரண்டு நாள் கழித்து வேறொரு வண்டிக்கு பெல்ட் வாங்க வாய் கிட் அவள் கடைக்குப் போனான். கல்லாவுக்கு முன்னால் இருந்த மேசையில் பழைய தினசரி விரித்திருந்தது. அதன்மேல் அதே ரகப் புஷ்கள், நடுவே அறுத்துப் பிளந்தவை, வரிசையாகக் கிடந்தன. யோக் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு ரம்பத்தால் இன்னொன்றை அறுத்துக்கொண்டிருந்தாள். வலது சுட்டுவிரலில் பிளாஸ்திரி.

"பதினொண்ணு அறுத்தாச்சு," என்றாள், நிமிராமலே. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒட்டு நல்லா இருக்கு, ரப்பர் நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல ஆ கிட். ரெண்டு நாளா தூக்கமில்ல. மிச்ச நாப்பதையும் ஒசாகாவுல செஞ்ச கம்பெனிக்கே திருப்பி அனுப்பப்போறேன். வெளங்காத சரக்க எப்படி விக்கிறது?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்போது ஒரு வாடிக்கைக்காரன் உள்ளே வந்து பிரேக் பேட் கேட்டான். அவள் ரம்பத்தை வைத்துவிட்டு எழுந்தாள். வாய் கிட் பெல்ட்டுக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தான். வேனில் ஏறி, சாவியைத் திருகாமல், எதிர்ப்புறம் வாத்துச்சோறு விற்கும் கடையில் ஆள் வருவதையும் போவதையும் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை அவன் புதிய புஷ்களைப் போட்டான். சாய்வுப் பலகைகளை இழுத்துப் போட்டு, வண்டியை அதன்மேல் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்தி ஆட்டி அடங்கவிட்டு, அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினான். வேலை வேலையாக நடந்தது. டாக்டர் வந்தபோது அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"டாக்டர், போன தடவ கிழிஞ்சதுக்குக் காரணம் சாமான் இல்ல. நான்தான். சக்கரம் தொங்கறப்பவே இறுக்கிட்டேன். பெரிய விருந்துக்குப் போற அவசரம்."

டாக்டர் நோர்லிடா சாவிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அந்தம்மா பேர குரூப்புல நாறடிச்சப்பவும் தெரியும்."

"தெரியும்."

"மனுஷன்னா கை தவறும். நானே ஒருத்தருக்கு நல்ல பல்லப் புடுங்கியிருக்கேன். அவரு கன்னத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறப்பவே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நீங்க என்னப் பேசவிட்டு வேடிக்க பாத்திருக்கீங்க பாஸ். அதுதான் எனக்குப் பொறுக்கல."

"குரூப்புல நானே எழுதிடறேன் டாக்டர்."

"எழுதுங்க. இப்பவே எழுதுங்க. நான் நிக்கிறேன்."

எண்ணெய்ப்பிசுக்கு விரலால் அவன் மலாய் மொழியில் நான்கு வரி எழுதினான். சாமானில் குறையில்லை, கடைமேல் குற்றமில்லை, வேலை செய்தவன் செய்த பிழை, செய்தவன் நான். அனுப்பியதும் டாக்டர் தன் போனை எடுத்துப் படித்தார். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பட்டறையைப் பூட்டிவிட்டு வாய் கிட் நேரே பாசிர் பிஞ்சிக்குப் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே போனான். யோக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.

"யோக் சே, ஒரு விஷயம்..."

"தெரியும். அந்த டாக்டரு போன் பண்ணிச்சு. அதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு உன் செய்திய எனக்கு அனுப்பிட்டாங்க." அவள் மேசைமேல் கிடந்த பிளந்த துண்டுகளை அட்டைப்பெட்டிக்குள் தள்ளினாள். "நேத்து சாயந்தரம்தான் நாப்பதையும் கப்பல் கம்பெனியில குடுத்தேன். ஜப்பான்காரனுக்கு ஒரு கடுதாசி வேற. உன் சரக்கு சரியில்லன்னு, என் கையெழுத்துல."

"தப்புத்தான் யோக் சே. முன்னாலயே..."

"நான் உன் பட்டறைக்கு வந்து கேட்டேன். கேட்டனா இல்லையா?"

"கேட்டீங்க."

"டாக்டர்கிட்ட சொன்ன. ஊருக்கே எழுதின. எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டு கடைசியா எங்கிட்ட வர." ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தாள். "நான் வீட்டுக்குப் போகணும். தள்ளு."

அவன் தள்ளி நின்றான். ஷட்டர் இறங்கியது.

அடுத்த மாதங்களில் வாய் கிட் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மலைச்சாலைக்காரர்கள் அவனை விட்டுப் போகவில்லை. போனார்கள் இரண்டு பேர். புதிதாக வந்தார்கள் ஐந்து பேர். தப்பை ஒத்துக்கொள்கிற மெக்கானிக் என்று யாரோ சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவனுக்கு ஒப்பவில்லை. மறுத்துச் சொல்ல ஒன்றிரண்டு தடவை முயன்றான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். விட்டுவிட்டான்.

டாக்டர் நோர்லிடா ஒரு பெட்டி பலகாரத்தோடு யோக்கின் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். இருவருக்கும் இப்போது நல்ல பழக்கம் என்று கேள்வி. யோக்குக்குப் பல்செட் கட்டியதே அவர்தானாம். ஒசாகாக்காரர்கள் சரக்கைச் சோதித்துவிட்டு, எந்தக் குறையும் தெரியவில்லை என்று மரியாதையாக ஒரு பதில் போட்டு, நாற்பதையும் திருப்பி அனுப்பினார்கள்.

வாய் கிட் வேறு கடையில் வாங்கிப் பார்த்தான். சரக்கு மட்டம். மூன்றாவது மாதம் யோக்கின் கடைக்கே திரும்பப் போனான். அவள் விரட்டவில்லை. கேட்ட சாமானை எடுத்து மேசைமேல் வைத்தாள். கூடவே ஒரு தாளையும் வைத்தாள். சாமானை வாங்கிப் பார்த்தேன், பழுதில்லாமல் இருக்கிறது என்று அதில் அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போடு பாஸ்."

மற்ற பட்டறைக்காரர்கள் யாரிடமும் அப்படி ஒரு தாளை அவள் நீட்டுவதில்லை. அவன் போட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைதோறும் போகிறான். அவள் தாளை நீட்டுகிறாள். அவன் சாமானை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போடுகிறான். போன வாரம் பேனாவில் மை தீர்ந்துபோயிருந்தது. யோக் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவன் பக்கம் நகர்த்தினாள்.