கத்தியின் நீளம்

நாற்காலி இருக்கைமேல் ரெக்ஸினை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கக் குனிந்தபோது பெரியவனின் நெஞ்சுக்குள் ஏதோ களகளவென்று உருண்டது. பசித்தால் வயிற்றில் கேட்கிற சத்தம்தான். ஆனால் அது இடது மார்புக்குள்ளே, விலா எலும்புகளுக்கு அடியில் கேட்டது. வாயில் கவ்வியிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு நிமிர்ந்தான். இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றுகொண்டது. எதிர்ப் பெஞ்சில் ஸ்பாஞ்சு அறுத்துக்கொண்டிருந்த சின்னவன் கையை நிறுத்தினான். என்ன என்று கேட்கவில்லை. பெரியவன் மறுபடி குனிந்ததும் அவனும் அறுக்கத் தொடங்கினான்.

அண்ணனும் தம்பியும் பதினான்கு வருஷமாகச் சேர்ந்து நடத்துகிற சோபா பட்டறை அது. கடந்த ஒரு வருஷம் எட்டு மாதமாக அவர்களுக்குள் நடந்த பேச்சையெல்லாம் திரட்டினால் ஒரு பக்கம் தேறாது. பசையை எடு. நூல் தீந்துபோச்சு. வண்டி வந்துருச்சு. மத்தியானம் சின்னவன் அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவான், அண்ணி போடுகிற சோற்றைத் தலை நிமிராமல் தின்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பான். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. பெரியவனுக்குத் தம்பிமேல் கோபமும் இல்லை. கோபம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தால், ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மரத்துக் கிடந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெரியவனின் மனைவி இரண்டு மாதமாக வாயுவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை, மஞ்சள், அப்புறம் புதினா வாசம் அடிக்கிற திரவம். எதற்கும் அசையவில்லை. நாலு வாய் தின்றால் மூச்சு முட்டியது. படுத்தால் இன்னும் மோசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு மூன்று தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தபோது, அவள் விளையாட்டாக அவன் மார்பில் காதை வைத்தாள்.

"உங்க வயிறு இடம் மாறி நெஞ்சுல வந்து உக்காந்து பேசுதுங்க," என்று சிரித்தாள். பிறகு இன்னொரு முறை காதை வைத்தாள். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "மாத்திரை போதும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

சோபா ஏற்றுகிற வண்டியில் சின்னவன்தான் கூட்டிக்கொண்டு போனான். மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் சின்னவன் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, முட்டைக் கூடையை இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்கினான்.

அறுவை சிகிச்சை டாக்டர் குள்ளமான பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு அதையே மேசையில் தேடினார். எக்ஸ்ரே எடுத்து, குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் படுக்கவைத்து ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. படத்தைத் திரையில் போட்டு விரலால் ஒரு வட்டம் காட்டினார்.

"உங்க வீட்டம்மா சொன்னது சரிதான். இரைப்பையில பாதி மேல ஏறி வந்திருக்கு. நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிறதுக்கு நடுவுல ஒரு தசை இருக்கு. உதரவிதானம்னு சொல்லுவோம். குடை மாதிரி விரிஞ்சிருக்கும். அதுல ஓட்டை விழுந்திருக்கு."

"தானா விழுமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"விழாது." டாக்டர் பெரியவனின் சட்டையைத் தூக்கினார். இடது மார்க்காம்புக்கு நான்கு விரல் கீழே, பக்கவாட்டில், ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குத் தழும்பு. "இது என்ன?"

"பட்டறையில தடுக்கி விழுந்தேன். கத்தரிக்கோல் குத்திருச்சு. நாலு தையல் போட்டாங்க," என்றான் பெரியவன். பல தடவை சொல்லி வழவழப்பாகிப்போன வாக்கியம். "நுனிதான். ஆழமில்லன்னு சொன்னாங்க."

"நீங்க நுனின்னு சொன்னதால அப்படிச் சொல்லியிருப்பாங்க. அப்போ எடுத்த எக்ஸ்ரேலயும் தெரிஞ்சிருக்காது. சின்னக் கிழிசல் தெரியவே தெரியாது. மத்த காயம் எல்லாம் ஆறும், இது ஆறாது. மூச்சு விட விட அசைஞ்சுக்கிட்டே இருக்கில்ல? வயித்துல இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா அது வழியா மேல வரும். வர வர ஓட்டை பெருசாகும்."

பெரியவனுக்குப் புரிந்தது. இழுத்துக் கட்டிய ரெக்ஸினில் ஓர் ஊசித் துளை போதும். உட்கார்ந்து எழுந்திருக்க எழுந்திருக்கக் கிழிந்துகொண்டே போகும், ஒரு நாள் உள்ளே இருக்கிற பஞ்சு வெளியே பிதுங்கும். அவன் தினமும் பார்க்கிற வேலைதான்.

"காயம் நெஞ்சுலதானே? வயித்துக்கு எப்படிப் போச்சு?" என்றாள் மனைவி.

"மூச்சை வெளிய விடும்போது இந்தக் குடை மார்க்காம்பு உயரத்துக்கு ஏறிடும். அந்த நேரம் பாத்துக் குத்துப்பட்டா நெஞ்சு, வயிறு ரெண்டும் காயம்தான்."

அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பெரியவன் நினைத்தான். சிரிப்பதும் மூச்சை வெளியே விடுவதுதானே.

டாக்டர் பேனாவை எடுத்தார். "ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. இரைப்பை முறுக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னுடும். மண்ணீரல் பக்கத்துலயும் பழைய காயம் மாதிரி ஒண்ணு தெரியுது. உள்ள எங்கெல்லாம் தேடணும்னு எனக்குத் தெரியணும். அதனால உண்மையைச் சொல்லுங்க. கத்தரிக்கோல் நுனி இவ்வளவு தூரம் போகாது. என்ன நீளம்?"

பெரியவன் சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்தான். அதில் எழுதியிருந்ததைப் படித்து முடித்தான்.

"கத்தரிக்கோல் இல்ல டாக்டர்." கதவருகே நின்ற சின்னவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அளவெடுத்துப் பழகிய கைகள். "ஸ்பாஞ்சு அறுக்கற கத்தி. இவ்வளவு நீளம். பாதிக்குமேல உள்ள போச்சு."

"எந்தப் பக்கமா?"

"மேலேருந்து கீழ, சாய்வா. அண்ணன் உக்காந்திருந்தாரு. நான் நின்னுட்டிருந்தேன்."

அந்த 'நான்' அறைக்குள் விழுந்தது. மனைவி மெதுவாகத் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள், அப்புறம் புருஷனை. டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"இதை நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும். மேற்கொண்டு என்னங்கிறது உங்க கையில," என்றார். கண்ணாடி தலையிலிருந்து வழுக்கி மூக்கில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையிலேயே அறுத்தார்கள். இரைப்பையை இழுத்துக் கீழே இறக்கி, இரண்டு விரல் நுழையும் ஓட்டையைக் கரையாத தடித்த நூலால் தைத்தார்கள். மண்ணீரல் பழைய தழும்போடு பத்திரமாக இருந்தது. கத்தி இன்னும் ஒரு விரல்கடை பின்னால் போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

மூன்று நாள் மனைவி மருந்து, கஞ்சி, வலி பற்றி மட்டும் கேட்டாள். நாலாம் நாள் மத்தியானம், துண்டை மடித்தபடி கேட்டாள்:

"அந்த ஆளுக்கு ஒண்ணே முக்கால் வருஷமா என் கையால சோறு போட்டிருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல நீங்க. எதுக்குக் குத்துனான்?"

சொன்னால் என்ன ஆகும் என்று பெரியவன் யோசித்தான். ஒன்றும் ஆகாது போலிருந்தது.

"அவன் பொண்டாட்டி பிரிஞ்சு போன வாரம். கடைக்கு வந்தவங்க முன்னாடி சொன்னேன். இந்தப் பழைய சோபாலகூட ஸ்பிரிங் இருக்குடா, உங்கிட்ட என்ன இருக்குன்னு அவ திரும்பி வருவான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க போனப்புறமும் எனக்குச் சிரிப்பு அடங்கல."

அவள் மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

"இத நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. பிறகு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவருகே சின்னவன் ஒதுங்கி வழி விட்டான். அவள் நிற்காமல் போனாள்.

சின்னவன் வந்து கட்டிலின் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மேசைமேல் மூச்சுப் பயிற்சிக்காக நர்ஸ் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கருவி இருந்தது: கண்ணாடி போலத் தெரிகிற மூன்று குழல்கள், அடியில் மூன்று பந்துகள், உறிஞ்சுவதற்கு ஒரு குழாய். மணிக்குப் பத்துத் தடவை உறிஞ்ச வேண்டும். பெரியவனுக்கு அதைத் தூக்கிப் பிடித்தால் தையல் இழுத்தது. சின்னவன் கருவியை எடுத்து அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, குழாயை வாயருகே நீட்டினான்.

"போலீஸ்காரங்க நாலு மணிக்கு வர்றாங்களாம்ணா."

பெரியவன் குழாயைக் கவ்வினான்.

"என்னண்ணா சொல்லப் போற?"

வாயில் குழாய் இருந்தது. பெரியவன் உறிஞ்சினான். விலாவுக்குள் நெருப்பு மாதிரி ஒன்று ஓடியது. வலி. நிஜமான வலி. விடாமல் இழுத்தான். முதல் பந்து விருட்டென்று மேலே போய் முட்டி நின்றது. இரண்டாவது பந்து அடியிலிருந்து கிளம்பி, பாதிக் குழலில், ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.