காலுக்கு வைத்த பெயர்

எலும்பு டாக்டரின் அறையில் அன்று இருந்தவர்கள்: டாக்டர். அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நின்ற உதவியாளர். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டபடி என் மகள். நாற்காலியில் நான். எனக்குப் பின்னால், கூப்பிடாமலே வந்த என் தங்கை. என் கணவர் இல்லை. லாரியில் சரக்கோடு போனவர் எங்கோ ஒரு சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

தங்கை வந்திருக்கவே தேவையில்லை. பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை, அன்றைக்கு அங்கே நல்ல கூட்டமும்கூட. "சும்மா துணைக்கு வரேன்க்கா" என்று தொற்றிக்கொண்டாள். அந்தத் துணை எனக்கில்லை என்பது ஆட்டோவிலேயே தெரிந்துவிட்டது. மகள் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்தாள். தலை மட்டும் தங்கையின் தோளில் சாய்ந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார். எங்களுக்குத் தெரிந்த கதைதான். இடது இடுப்பில் தொடை எலும்பின் தலை உட்கார வேண்டிய கிண்ணம் ஆழம் போதவில்லை. பிறவியிலேயே அப்படி. வளர வளர வலி. எலும்பை வெட்டி, கிண்ணத்தைத் திருப்பி, திருகாணி போட்டு முடுக்க வேண்டும். அடுத்த வாரம் தேதி கொடுத்திருந்தார்கள்.

"வலி எவ்வளவும்மா இருக்கு? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லு. பத்துன்னா தாங்கவே முடியாது."

மகள் என்னைப் பார்த்தாள். "மூணு" என்றாள்.

"மூணுதான் டாக்டர்," என்று நானும் சேர்ந்துகொண்டேன். "சில நாள் அதுகூட இல்ல. ராத்திரி நல்லாத் தூங்கறா."

என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது பின்னால் நிற்பவள் காதில் விழட்டும் என்றுதான் அதைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படின்னா எதுக்கு அவசரம்? இது சின்ன வேலை இல்ல. வலி கம்மியா இருக்கற பொண்ண நான் வெட்ட மாட்டேன். ஒரு வருஷம் பொறுத்துப் பாப்போம். அந்தத் தேதிய வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்."

மகளின் விரல்கள் கட்டில் விளிம்பை இறுக்கின. பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"மாமியார் நேத்து என்ன பண்ணாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுடி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு ஏது மாமியார்?

"சித்தி, வேண்டாம்."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆடித் தீத்துட்டாங்க. விடிஞ்சப்புறம்தான் அடங்கினாங்க."

"அவ இடது காலுக்கு அந்தப் பேரு டாக்டர்," என்றாள் தங்கை. "உக்காந்தா குத்தம், எழுந்தா குத்தம், படுத்தா ஊரக் கூட்டற கத்தல். வேற என்ன பேரு வைக்கறது? தலகாணிய வாய்க்குள்ள திணிச்சுக் கடிச்சுக்குவா. உறையக் கழட்டிப் பாத்தா பல்லுப் பட்ட இடமெல்லாம் தெரியும்."

"உங்க மாமியார் அவ்வளவு கொடுமையா?" என்றார் டாக்டர்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல டாக்டர். இந்தக் காலப் பாத்துதான் பயந்துபோய் நிக்கறேன்."

உதவியாளர்கூடச் சிரித்துவிட்டார். மகளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. அந்த அறையில் உண்மையாகவே மாமியாரிடம் பட்டவள் நான் ஒருத்திதான். எனக்குத்தான் அந்த நகைச்சுவையை யாரும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் காலை மடக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். "எட்டு," என்றாள் மகள். "சில நாள் ஒன்பது." தேதி மாறவில்லை.

அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. அந்தக் கால் வெளியே வருவதற்கு முன்பே என்னை உதைத்த கால். அவள் சாய்ந்து நடக்கிறாள் என்று முதலில் கண்டுபிடித்தவள் நான். எனக்குத் தெரியாமல் அதற்கு ஒரு பெயர் வைத்து, குணம் வைத்து, இரண்டு பேரும் குடித்தனமே நடத்தியிருக்கிறார்கள்.

எப்போது நடந்தது என்பதும் தெரிந்ததுதான். பார்சல் பிரிக்கும் கிடங்கில் எனக்கு இரவு வேலை. தங்கை வந்து மகளோடு படுத்துக்கொள்வாள். வலியும் இரவில் வருவது. பகலில் பல் தேய்த்து, தலை வாரி, சிரித்த முகத்தோடு இருந்த பெண் எனக்கு. இரவுப் பெண் அவளுக்கு. அறுவை சிகிச்சை என்றதும் வேலையை விட்டுவிட்டு வந்து மகள் பக்கத்தில் நானே படுத்தேன். "வலிக்குதா?" என்பேன். "இல்லம்மா" என்பாள். நம்பித் தூங்கினேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் போனில் சித்திக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மருந்துக் கடை வரிசையில் தங்கையைப் பிடித்தேன்.

"எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாக்கா."

"அதத்தான் இப்ப உடச்சுட்டியே."

"தேதி போயிடுமேன்னு உடச்சேன். இல்லன்னா என் கழுத்த அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்." அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை வேறு.

"ஒண்ணப் பெத்து வளத்தாத்தான்டி உனக்குத் தெரியும்."

"பெத்தவளுக்கே தெரியலையேக்கா."

முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். நான் மாத்திரைச் சீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டேன். "ஏன்டி, அவகிட்ட மட்டும்?"

"சித்தி நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டே கேப்பாம்மா."

"அதனால?"

"எட்டுன்னு சொன்னாலும் 'உம், அப்புறம்?'னுதான் கேப்பா. நீ அப்படியா? அடுப்ப அணச்சுட்டு ஓடி வந்துடுவ. உன் மூஞ்சி போற போக்கப் பாத்தா எனக்கு இன்னும் ரெண்டு ஏறிடும். என் வலியப் பாக்கறதா, உன்னத் தேத்தறதா?"

குளியலறைக் கண்ணாடி முன் நின்று முகத்தைக் கல்லாக வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. மறுநாள் அவள் மேசையில் கையை ஊன்றி எழும்போது, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்: "என்ன, மாமியார் எப்படி இருக்காங்க?"

அவள் முகம் சுருங்கியது. "அம்மா, நீ அப்படிச் சொல்லாதம்மா. ஒரு மாதிரி இருக்கு."

நான் வெங்காயத்தை நறுக்கினேன். அதில் ஒரு வசதி இருக்கிறது.

அறுவை சிகிச்சை அன்று தள்ளுகட்டிலோடு நானும் தங்கையும் ஆபரேஷன் அறையின் கதவு வரை போனோம். உள்ளிருந்து முகக்கவசம் போட்ட நர்ஸ் ஒருவர் வந்தார். வார்டில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் இல்லை. எங்கள் முகம் அவருக்குப் புதிது.

"மயக்கம் கொடுக்கற வரைக்கும் ஒருத்தர் கூட நிக்கலாம். அம்மா மட்டும்தான்."

தங்கை தானாகவே பின்வாங்கினாள். அந்த மரியாதை அவளுக்கு இருந்தது. எனக்குச் சட்டென்று நெஞ்சு நிறைந்தது. பாலிஷும் வேண்டாம், பட்டப்பெயரும் வேண்டாம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆஸ்பத்திரிச் சட்டமே என் பக்கம் நின்றது. அவளுக்குக் கேட்கும்படி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"வலிக்குதாடா? பயமா இருக்கா?"

"இல்லம்மா. பரவால்ல."

சிரித்தாள். எனக்கென்று செய்த சிரிப்பு. அவளுடைய இன்னொரு கை போர்வைத் துணியைக் கசக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தது. கண் சித்தி பக்கம் போகவே இல்லை. அடுத்தவர் வீட்டில் தட்டில் இருப்பதைப் பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட குழந்தைபோல, பார்க்காமல் இருந்தாள். ஊசி ஏறி நினைவு தப்பும் வரைக்கும் இவள் எனக்காக இப்படியே சிரித்துக்கொண்டிருப்பாள்.

"அம்மா யாருங்க? சீக்கிரம் வாங்க."

"இவதான்," என்று தங்கையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

"அக்கா..."

"நான் பெரியம்மா," என்றேன் நர்ஸிடம்.

நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்தார். அவருக்கு நேரமில்லை. "செருப்பக் கழட்டிட்டு வாங்கம்மா," என்றார் தங்கையைப் பார்த்து.

மகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம். என் கையிலிருந்த அவள் விரல்கள் தளர்ந்து நழுவின, முகம் அந்தப் பக்கம் திரும்பியது. தள்ளுகட்டில் நகர்வதற்குள்ளேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தங்கை குனிந்து அவள் வாயருகே காதை வைத்தபடி கூடவே நடந்தாள். நானும் எட்டிக் கேட்டுப் பார்த்தேன். சக்கரச் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. தங்கைக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள்.