பெரம்பலூர் கொட்டகையில் போட்ட பெஞ்சு

எங்கள் முதலாளி இளையபெருமாளுக்கு 1946-இல் மூன்று டூரிங் கொட்டகைகள் இருந்தன. அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் பெண்கள் பக்கம் எள் போட்டால் எள் விழாது. பெரம்பலூரில் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆடிக்குள் கூட்டம் சேராவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அங்கே படம் ஓட்டுகிற என் பிழைப்பும் அதோடு போய்விடும்.

பெண்கள் ஏன் வருவதில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டோம். படத்தை மாற்றினோம். ஒலிபெருக்கியைப் புளியமரத்தின் உச்சிக்கு ஏற்றினோம். இத்தனைக்கும் பெரம்பலூரில்தான் பெண்களுக்கு மணல் டிக்கெட்டுக்கே பெஞ்சு; மற்ற இரண்டிலும் வெறும் மணல்தான். தன் மனைவி ஜெகதாம்பாள் சௌகரியமாகப் படம் பார்க்க வேண்டுமென்றே முதலாளி ஆசையாகப் போட்டது. அந்த அம்மாளோ தலைவலி என்று ஒரு நாளும் வரவில்லை. முதலாளியின் அப்பா காசிநாதன் மட்டும் தினமும் முதல் ஆளாக வந்து ஆண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் படப்பெட்டி எடுக்க, கரியில் ஓடும் பஸ்ஸில் முதலாளியும் நானும் அரியலூர் போனோம். கொட்டகை வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. இறங்கிய நான்கு பெண்களும் பெரம்பலூர்க்காரிகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருக்கிற கொட்டகையை விட்டு இருபது மைல் வருவார்களா? முதலாளிக்குக் கோபமே இல்லை, ஆச்சரியம்தான். அவர்களில் மூத்தவளான பொன்னம்மாளிடம் காரணம் கேட்டார்.

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: “அங்க எங்க மாமனாரு மணல்ல ஒக்காந்திருப்பாருங்க. அவரு தலைக்கு மேல நான் பெஞ்சில ஒக்காந்து படம் பாக்குறதா?”

ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இருந்த தட்டி இடுப்புயரம்தான். மணலில் உட்கார்ந்தால் மறைத்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்தால் அத்தனை மருமகள்களும் வெளியே தெரிவார்கள். ஆறு மாதமாக எங்கள் புத்திக்கு இது எட்டவில்லை.

மறுநாளே பெஞ்சுகளை வெளியேற்றினோம். அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் பக்கம் நிறைந்துவிட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. தட்டியை ஒட்டி மணலில் ஜெகதாம்பாள் உட்கார்ந்திருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய மாமனார் காசிநாதன்.

இடைவேளையில் முதலாளி மனைவியிடம் போய், இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்.

“இருவது மைல் போயி யாரோ ஒருத்திகிட்ட கேட்டீங்க. வூட்டுல என்னைக் கேக்கலியே” என்றார் அந்த அம்மாள்.

அடுத்த மாதம் முதலாளி பாடாலூரில் நாலாவது கொட்டகைக்கு இடம் பார்க்கப் போனபோது என்னைக் கூப்பிடவில்லை. அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார்.