விட்கம்ப் தாள்களுக்கு ஒரு குறிப்பு

நத்தானியேல் விட்கம்ப் இறந்து இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் கடந்த எட்டு மாதங்களில் சூசைதாசன் தம் மனைவியோடு கழித்ததைவிட அவரோடு கழித்த நேரமே அதிகம். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், பதினொரு சாம்பல்நிறப் பெட்டிகளில் விட்கம்பின் தாள்கள் இருந்தன. அவற்றைப் பிரித்து, வாசித்து, எது எந்தப் பெட்டியில் உள்ளது என்று பட்டியல் எழுதுவது சூசைதாசனின் வேலை.

விட்கம்ப் இங்கிலாந்தின் ஒரு பேராலய நகரத்தில் பதினான்கு ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். 1771ஆம் ஆண்டு, முப்பத்தொன்பது வயதில், அதைச் சட்டென்று விட்டுவிட்டு ஒரு பிரபுவின் மாளிகைக்கு நூலகராகப் போனார். சாகும்வரை பிறர் எழுதிய நூல்களுக்கு அட்டவணை எழுதினார். மனைவி சாரா, பிள்ளைகள் நால்வர், அடுத்த தெருவில் மார்த்தா என்றொரு தங்கை. கடைசி மகனின் வழியினர் கனடாவுக்குக் கப்பலேறியபோது தாள்களும் கூட வந்தன.

சூசைதாசனும் ஒரு காலத்தில் வைத்தியர். நூலகத்தில் இதை எவரும் அறியார், அவர் சொன்னதில்லை. அவர் குடியிருந்த ஸ்காபரோவின் தமிழர் எல்லாரும் அறிவர். முப்பது ஆண்டுகளாக ஓர் ஊசியும் போடாத மனிதரைத் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது "டொக்டர்" என்று மறித்து, முழங்கால் நோவுக்கு மருந்து கேட்பார்கள். கனடா அவரை வைத்தியராக ஏற்கவில்லை என்பது அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட வரலாறு.

வரும் சனிக்கிழமை அந்த வரலாறு மேடையேறவிருந்தது. வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்கு வழிவிடக் கோரும் கூட்டம் ஒன்றில் மகள் வேரோனிக்கா பேசவிருந்தாள். சட்டத்தரணியாகி ஒரு வருடமே ஆகியிருந்தது. பெரிய சபையில் பேசுவது முதல் தடவை. பேச்சின் நடுப்பகுதி தகப்பனைப் பற்றியது. செவ்வாய் மாலை, வோபர்ன் பகுதி வீட்டின் சாப்பாட்டு மேசையில், அதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினாள். பரீட்சைகள் எல்லாவற்றிலும் சித்தியடைந்த அவரை, இந்த நாடு ஒரு நேர்முகத்துக்குக்கூட அழைக்கவில்லை என்று அந்தப் பகுதி முடிந்தது.

"எப்பிடி அப்பா?"

"வசனங்கள் நல்லா இருக்கு."

"ஓ மை கோட். நான் வசனத்தைக் கேக்கேல்லை. உங்களைப் பற்றிச் சொன்னது கரெக்டோ?"

இடியப்பத் தட்டோடு வந்த ஜெசிந்தா கணவரை முந்திக்கொண்டாள். "உவரிட்டையோ கேக்கிறாய்? வீடு பத்தி எரிஞ்சாலும் புகை என்ன நிறம் எண்டு எழுதி வச்சிட்டுத்தான் வெளியாலை வருவார். நான் சொல்லுறன், எல்லாம் சரி. கடிதம் வந்ததோ, வந்ததோ எண்டு தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தது நான்தானே."

"அந்த இன்ரவியூ லைனிலைதான் ஹோல் முழுக்க அழப்போகுது," என்றாள் மகள், தொழில் திருப்தியோடு.

சூசைதாசன் சொதியை அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிட்டார். "வியாழக்கிழமை வரைக்கும் பொறு பிள்ளை. வேலையிலை ஒரு மனுசி வாறா. அது முடியட்டும்."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா?"

அவர் சொதிக் கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்தினார். 2003ஆம் ஆண்டு சஸ்கச்சுவான் மாகாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அன்று ஜெசிந்தா வேலையில்; தபால் பெட்டியைத் திறந்தவர் அவர். நேர்முகத்துக்கு அழைப்பு. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நேர்முகத்துக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து ஜெசிந்தாவிடம், "இல்லையாம்" என்றார். வீட்டில் அந்த ஒரு சொல்லின்மேல் இருபது வருடத்துக் கோபம் கட்டி எழுப்பப்பட்டிருந்தது.

புதன்கிழமை வேலையில் எஞ்சியிருந்தது விட்கம்பின் வாழ்க்கைக் குறிப்பு மட்டுமே. தாள்களைக் கொடையளித்த, விட்கம்பின் வழித்தோன்றலான திருமதி கார்மைக்கேல், எண்பத்து மூன்று வயதுக்காரர், தாமே ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். "நூல்கள்மீது கொண்ட பெருங்காதலால் வைத்தியத்தைத் துறந்தார்" என்று அதில் இருந்தது. ஆறு தலைமுறையாக அந்தக் குடும்பம் சொல்லிவந்த வாக்கியம். வியாழக்கிழமை அவர் வந்து குறிப்பை வாசித்து ஒப்பமிட வேண்டும்.

நான்காம் பெட்டியில் இருந்த நோயாளர் ஏடு வேறு சொன்னது. 1771 மார்ச்சில் தங்கையின் குழந்தைக்கு இருமல். அபினி சேர்ந்த ஒரு பொடி, இவ்வளவு நிறை. ஐந்து நாள் கழித்து அதே பொடி. ஆனால் நிறையை எழுதிய இடம் கத்தியால் சுரண்டப்பட்டு, வேறு மையால் பழைய அளவே மீண்டும் எழுதப்பட்டிருந்தது. சுரண்டலின் அடியில், விளக்கைச் சரித்துப் பிடித்தால், முதலில் எழுதிய அளவு தெரிந்தது. மூன்று மடங்கு. அடுத்த நாளுக்கு ஒரு கோடு. அதன்பின் ஏடு முழுவதும் வெற்றுத்தாள். மூன்று வாரத்தில் பிரபுவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம். அந்த மார்ச் வரைக்கும் மார்த்தா அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள் நாற்பத்தொன்று. பிறகு ஒன்றுமில்லை.

அந்தப் பழைய நிறைக்குறிகளைச் சூசைதாசன் எந்த நூலிலும் கற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் பொறுப்பாயிருந்த சிறு வைத்தியசாலையில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் இக்னேசியஸ், மருந்துக் கலவைகளை அக்குறிகளாலேயே எழுதிவைப்பார். வைத்தியரும் அவற்றைப் பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

இறந்த குழந்தையின் பெயர் ஏட்டில் இல்லை. அதற்காகத் திருமதி கார்மைக்கேலுக்கு மூன்று கடிதங்கள் எழுதி, குடும்ப வேதாகமத்தின் பிறப்புப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பச் செய்தார். ஹெஸ்டர். வயது நான்கு. படம் வந்த அன்று, பெயர்ச் சுட்டியில் அவளைச் சேர்த்தபின்பே மதிய உணவுக்குப் போனார்.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. தாளில் நேரடியாக இல்லாத ஒன்றைப் பட்டியலில் எழுதுபவர், அதை எப்படி அறிந்தார் என்பதையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். "முதலில் எழுதப்பட்ட அளவு அவ்வயதுக் குழந்தையின் உயிரைப் போக்கக்கூடியது" என்று எழுதினார். அடுத்த வரிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

"இதை எழுதுபவர் வைத்தியராகப் பயிற்சி பெற்றவர், 1995 ஒக்டோபர் வரை தொழில் செய்தவர்."

மாதத்தை எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் திகதியைச் சுருக்குவது அவருக்குக் கைவராத காரியம்.

அந்த ஒக்டோபரில், போரில் இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்தார் எல்லாரும் ஒரே மாலையில் வெளியேற வேண்டி வந்தது. வைத்தியசாலையில் தூக்கவே முடியாத நோயாளர் ஏழு பேர். "நான் நிக்கிறன் டொக்டர். நீங்கள் அம்மாவைப் பாலத்துக்கு அங்காலை விட்டிட்டு வாங்கோ," என்றார் இக்னேசியஸ். சூசைதாசன் விடியமுன் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் மதியம் சாவகச்சேரியில், கைக்குட்டையைத் தேடியபோது, காற்சட்டைப் பையில் சாவி தட்டுப்பட்டது. நோவடக்கும் மோர்பினை வைத்துப் பூட்டும் இரும்பு அலுமாரியின் சாவி. ஊர் முழுவதும் தெருவை நிறைத்து எதிரே வந்துகொண்டிருந்தது. ஆயினும் ஒரு மனிதன் அந்தக் கூட்டத்துக்கு எதிராக நடந்திருக்க முடியும். அவர் ஒரு பள்ளிக்கூட மதிலில் பொழுதுபடும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் பாதை அடைபட்டுவிட்டது. பாதை இல்லாமற்போனபோது அவருக்கு ஏற்பட்டது ஆறுதல். அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

கனடாவுக்குப் புறப்படுமுன் இக்னேசியஸின் கடிதம் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. ஏழு பேரும் ஆறு நாளில் இறந்துபோனார்கள். "அலுமாரியை உடைக்க ஏலாமல் போச்சு. நீங்கள் சுகமாய் இருக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டுச் சந்தோசம்."

வியாழக்கிழமை திருமதி கார்மைக்கேல் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்தார். குறிப்பை இருமுறை வாசித்தார். பிறகு ஏட்டைப் பார்க்க வேண்டும் என்றார். சூசைதாசன் விளக்கைச் சரித்துப் பிடித்தார்.

"எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்பிள்ளைக்கும் ஹெஸ்டர் என்று பெயர் வைப்பதில்லை," என்றார் அவர். "அழகில்லாத பெயர் என்பார்கள். எனக்கு அது அழகாகவே படும்." கண்ணாடியை உறையில் இட்டார். "ஆகவே, நூல்கள்மேல் காதல் என்பது பொய்."

"அவருடைய இருபத்துமூன்று வருட அட்டவணைகளில் ஒரு பிழைகூட நான் காணவில்லை, அம்மணி."

"அதைக் காதல் என்று நான் சொல்லமாட்டேன்." கிழவி அவரை நேராகப் பார்த்தார். "இங்கே உங்களை வைத்தியர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் விட்டீர்கள்?"

சூசைதாசனுக்கு வியப்பாக இருந்தது. இந்த நாட்டில் அவரிடம் எவரும் அதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது.

"விடையை முதலில் கேட்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்," என்றார்.

"அப்படியானால் நான் உங்களைத் தாமதப்படுத்தக் கூடாது," என்று சொல்லி, தாம் அனுப்பிய பக்கத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு, சூசைதாசன் எழுதியதன் கீழ் ஒப்பமிட்டார்.

அன்று மாலை சூசைதாசன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போய், உடுப்பு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் பழைய சாவியை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். நின்றபடியே சொன்னார்: சாவி, மதில், கடிதம், சஸ்கச்சுவான். ஒழுங்காக, திகதி வரிசையில் சொன்னார். வேறுவிதமாகச் சொல்ல அவருக்குத் தெரியாது.

ஜெசிந்தா அடுப்பை நிற்பாட்டினாள். "அப்ப அந்த இன்ரவியூக் கடிதம் வந்ததோ?"

"வந்தது."

"இருபது வருசமா ஒரு பாவமும் அறியாத நாட்டைத் திட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்." அவள் குரல் முதலில் ஏளனமாகத்தான் தொடங்கியது, முடிக்கும்போது அப்படி இருக்கவில்லை. "எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மனுசன்."

வேரோனிக்கா சாவியைத் தொடவில்லை. "சற்றர்டே நான் என்ன சொல்லுறது?"

"என்னை எடுத்துவிடு. மற்ற டொக்டர்மாருக்கு நடந்தது உண்மை. அதைச் சொல்லு."

"நீங்கள்தான் என்ர முழு ஸ்பீச்சும்." அவள் கணினியைத் திறந்தாள். நடுப்பகுதியைத் தெரிவுசெய்து, அழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டத்தரணிக்குரிய குரலில் கேட்டாள்: "அந்த ஏழு பேரும் ஆர்?"

"முதலாம் கட்டில் தொடையெலும்பு முறிவு. ரெண்டாவது வயிற்றிலை ஷெல் காயம். மூண்டாவது ஈரல் புற்று. நாலாவது..." ஏழு கட்டிலையும் தடங்கலின்றிச் சொல்லி முடித்தார். மருந்தளவும் நினைவிருந்தது.

"என்ன வருத்தம், என்ன காயம் எண்டு நான் கேக்கேல்லை அப்பா. அந்த ஆக்களின்ர பேர் என்ன?"

சூசைதாசன் ஒரு கதிரையை இழுத்து அமர்ந்தார். நான்கு பெயர்களைச் சொன்னார். ஐந்தாவதற்கு வாய் திறந்தார்; ஒன்றும் வரவில்லை. இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை அவரால் பிறந்த நாளோடு ஒப்புவிக்க முடியும்.

"மிச்சப் பேர்?"

"இக்னேசியஸுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவர் இருக்கிறாரோ?"

"தெரியாது பிள்ளை. நான் அவருக்குப் பதில் போடேல்லை."

ஜெசிந்தா போய், மகளின் பழைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துவந்து அவர்முன் வைத்தாள். அவர் பேனையை எடுத்து, ஒன்று முதல் ஏழு வரை எண் இட்டார். நான்கு வரிகளை நிரப்பினார். ஐந்து, ஆறு, ஏழுக்கு எதிரே வெற்றிடம் விட்டு, தாளைத் திருப்பி, முப்பது ஆண்டுக்குமுன் வந்த இக்னேசியஸின் கடிதத்தின் திகதியை முதல் வரியில் குறிப்பிட்டுப் பதில் எழுதத் தொடங்கினார்.