வெண்ணெயில் பிறந்த பேர்

கன்னியம்மாவின் மூக்கை ஏமாற்ற அனகாபுத்தூரில் ஆள் கிடையாது. குடித்தே செத்த புருஷன் சின்னப்பனோடு குடித்தனம் நடத்திய மூக்காயிற்றே! இப்போது மகன் ஜெபினின் சட்டையைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். சாட்சாத் வாந்தி வாடை.

"எத்தினி நாளா இந்தக் குடி?"

காட்டாங்குளத்தூர் காலேஜில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்கிற பிள்ளை சிரித்தான். "ஐயே, அது லேப்ல சிந்துன பியூட்டிரிக் ஆசிட்மா. லத்தீன்ல வெண்ணெய்க்கு பியூட்டிரம்னு பேரு. கெட்டுப்போன வெண்ணெய்லதான் மொதல்ல கண்டுபுடிச்சாங்க, அதான் அந்தப் பேரு. வாந்திலயும் அதேதான் கீது."

வெண்ணெயாம், வாந்தியாம்! சின்னப்பனும் இருமல் டானிக் என்றுதான் ஆரம்பித்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? அடுத்த மாதம் ஜெபினுக்கும் கோவிலம்பாக்கம் சத்யபிரியாவுக்கும் நிச்சயதார்த்தம். தான் பட்ட பாடு இன்னொரு பெண்ணுக்கு வேண்டாம் என்று நினைத்தாள் கன்னியம்மா. மகன் வெளியே போனதும் அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுவிட்டாள்.

"சத்யா, எம்புள்ள குடிக்கிறான்மா. நல்லா ரோசனை பண்ணிக்கோ. என்னாட்டம் சீரழியாத."

சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. அவன் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? கடைக்குப் போய் உப்பில்லாத வெண்ணெய் வாங்கி, கிண்ணத்தில் போட்டு மூடி, வெயில் காயும் ஜன்னலில் வைத்தாள். வாரம் திரும்பியதும் திறந்து முகர்ந்தாள். அதே வாடை! சட்டையில் அடித்த அதே பாழாய்ப்போன வாடை!

"ஏசப்பா, எம்புள்ள பொய் சொல்லல!" சிரிப்பும் அழுகையுமாகப் போனை எடுத்தாள்.

"சத்யா, நான் சொன்னது தப்பும்மா. அவன் குடிக்கல. வெண்ணெய் கெட்டா அந்த நாத்தம்தான் வருது. நானே வச்சுப் பாத்துட்டேன்."

"அத்தை, பெத்த அம்மாவே சொல்றாங்களேன்னு அன்னிக்கு நம்பினோம். இப்ப நிச்சயம் நின்னுடும்னு மாத்திப் பேசறீங்கன்னு அப்பா சொல்றாரு."

"நீ இன்னா சொல்ற?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. இந்தக் கல்யாணம் வேணாம் அத்தை. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

போன் கட்டானது. வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த ஜெபின் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்ணத்தை எட்டிப் பார்த்தான்.

"அட, வெண்ணெய வச்சு டெஸ்ட் பண்ணியா? இப்பயாவது நம்பறியா?"

"நம்பறேன்டா." கன்னியம்மா கிண்ணத்தை மூடினாள்.

"இரு, இத சத்யாகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா" என்று போனை எடுத்தான் ஜெபின்.