அது வீட்டு விஷயம்

வலது நுரையீரலின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் தேதி குறித்துவிட்டார். மீன் சந்தையில் ஏலம் விடுகிறவருக்கு மூச்சுதான் முதல்.

"பாதி மூச்சை வச்சுக்கிட்டு ஒரு கூடை மீனைக்கூட ஏலம் விட முடியாதே" என்று மனைவியிடம் புலம்பினார் ஏலக்காரர்.

மூளைக்காய்ச்சலில் நினைவு தப்பி, குழாய் வழியே மூச்சுவிட்டுப் பிழைத்து வந்தவர். வந்த பிறகுதான் தொல்லை. காய்ச்சல், சளி, மருந்து. கொஞ்சம் ஓய்ந்ததும் மறுபடி காய்ச்சல். பெரிய நோய்க்குப் பிறகு உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அறுவைக்கு முன்னால் நுரையீரல் மருத்துவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். அந்தப் பெண் மருத்துவர் பழைய எக்ஸ்ரே படங்களையெல்லாம் வெளிச்சப் பலகையில் மாட்டி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"உடம்புல எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருந்தா இங்கேயும் அங்கேயும் வரணும். இது ஒவ்வொரு தடவையும் அதே மூலைக்கு வருது. மீன் முள் ஏதாவது புரையேறிச்சா?"

"முள்ளுக்கும் எனக்கும் ஆயுசு பூரா பழக்கம், டாக்டரம்மா. அது என்கிட்ட வாலாட்டாது."

"அவர் எங்கே ஒழுங்கா சாப்பிடறார்?" என்றாள் மனைவி. "முன்பல் இல்லாம நாலு பேர் முன்னால வாயைத் திறக்க வெக்கம்."

கதவோரம் நின்ற அவருடைய தங்கைக்குச் சுருக்கென்றது. "அண்ணி, இங்கேயும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"பொய்ப்பல்லைத் துணியோட சுருட்டிக் குப்பையில போட்டது யாரு, நானா?"

"நான் போடலைன்னு எத்தனை தடவை சொல்றது! அன்னிக்கு ஆஸ்பத்திரியில அண்ணன் துணிமணிப் பையை வாங்கினது நீங்கதானே?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க, மானம் போகுது" என்று இருமலுக்கு நடுவே கெஞ்சினார் ஏலக்காரர்.

"மூடாதீங்க!" மருத்துவர் திரும்பிவிட்டார். "என்ன பல்லு?"

"கழட்டி மாட்டறது. பிளாஸ்டிக். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ தொலைஞ்சுது" என்றாள் மனைவி.

"இத்தனை டாக்டரைப் பார்த்தீங்களே, ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அது வீட்டு விஷயம்" என்றார்கள் அண்ணியும் நாத்தனாரும் ஒரே குரலில்.

மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பிளாஸ்டிக் படத்துல தெரியாதும்மா! நினைவு தப்பினப்போ அதைக் கழட்டினது யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருமே கழற்றவில்லை.

மறுநாள் காலை, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கினார்கள். வெளியே பெஞ்சின் இரண்டு முனைகளிலும் இரண்டு பேர். கதவு திறந்தது. மருத்துவர் சின்ன டப்பாவை உயர்த்திக் காட்டினார். உள்ளே, கறுத்துப்போய், சளி சுற்றிய பல்.

"நினைவு தப்பிக் கிடந்தப்போ மூச்சுக்குழாய்ல இறங்கியிருக்கு. இதுதான் இத்தனை நாளா உள்ளே உட்கார்ந்துக்கிட்டு வம்பு பண்ணியிருக்கு. ஆபரேஷன் வேண்டாம். நுரையீரல் முழுசா அவருக்கே!"

தங்கை பெஞ்சின் மறுமுனைப் பக்கம் திரும்பினாள். "பார்த்தீங்களா அண்ணி? நான் குப்பையில போடலை."

"போட்டுத் தொலைச்சிருந்தா அவருக்கு இந்தப் பாடே இல்லையேடி!"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சில் நகர்ந்துபோய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

மழைக்காலம் வந்து போனது. காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. ஏலக்காரர் சந்தைக்குத் திரும்பிய அன்று, பெட்டிமேல் ஏறி நின்று விட்ட முதல் குரலுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"காது கிழியுது அண்ணி" என்றாள் தங்கை.

"கிழியட்டும்டி. கத்தட்டும் மனுஷன்."